அலமாரிக்குப் பின்னால் விழுந்த காடு

களஞ்சியப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லும்படி அலுவலகத்தார் கேட்டுக்கொண்டார்கள். மெய்ப்புத் திருத்துவதையும் தலைப்புகளை அகரவரிசைப்படுத்துவதையும் ஒரு வாரத்தில் நீங்களே கற்றுக்கொண்டுவிடுவீர்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. ஆகவே ஒரு காடு காணாமல் போன செய்தியை மட்டும் சொல்கிறேன். அது பிரான்சு நாட்டுக் காடு. காணாமல் போன இடம் மயிலாப்பூர்.

நாற்பதுகளின் பிற்பகுதி. போர் முடிந்து, கடைகளில் காகிதம் மீண்டும் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஒரு வீட்டு மாடியில், உலக நாடுகளைப் பற்றிய தமிழ்க் களஞ்சியம் ஒன்று தொகுக்கப்பட்டு வந்தது. நான் அப்போது இலக்கிய மாணவி. கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருந்தேன் என்ற ஒரே தகுதியால், பிரெஞ்சு ஜில்லாக்களின் வரலாற்றுப் பகுதியை எழுதும் வேலை எனக்கு வந்தது. மாவட்டத்தை அப்போது ஜில்லா என்றே எழுதினோம். பிற்பகலில் மட்டும் போவேன், அதுவும் தற்காலிகமாகத்தான். ஆசிரியர் நிலையாக வைத்துக்கொண்டால் தொடரலாம், இல்லாவிட்டால் பரீட்சையோடு வீட்டில் இருந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. எனக்கு வீட்டில் இருக்க விருப்பமில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஆசிரியர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வகுத்திருந்த முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு ஜில்லாவையும் இருவர் எழுத வேண்டும். ஒருவர் வரலாறு, மற்றவர் பூகோளம். அச்சாகும்வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஒருவருடைய பிழை மற்றவருக்கும் தொற்றிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. வரலாற்றுக்காரர் நிலத்தைப் பற்றிப் பேசக் கூடாது. பூகோளக்காரர் பழங்காலத்தைத் தொடக் கூடாது. இந்த ஒழுங்கைக் காப்பதற்காக எங்கள் இரண்டு மேசைகளுக்கும் நடுவே உயரமான தேக்கு அலமாரி ஒன்றை நிறுத்தியிருந்தார்.

அலமாரிக்கு அப்பால் இருந்தவர் தியாகராய நகர்ப் பள்ளி ஒன்றில் பூகோளம் கற்பித்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாங்கள் அவரைப் பூகோளம் சார் என்போம். அவர் என்னைச் சரித்திரம்மா என்பார். முகம் தெரியாது, குரல் மட்டும் அலமாரியைத் தாண்டி வரும்.

"சரித்திரம்மா, ஒங்க ராஜாக்கள்லாம் செத்தாச்சா? நான் மலைய ஆரம்பிக்கலாமா?"

"இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்கார் சார்."

"மெதுவா சாகட்டும். மலை எங்கயும் போவாது."

அந்தத் தை மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த ஜில்லா லாந்த். பிரான்சின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் இருப்பது. புரட்சியின்போது பழைய மாகாணங்களைக் கலைத்து நாட்டைப் புதிதாகக் கூறுபோட்டார்கள். மாகாணப் பெயர்களைக் கைவிட்டு, ஆறு, மலை, நிலத்தின் தன்மை இவற்றைக் கொண்டே பெயரிட்டார்கள். ஜில்லாவின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் குதிரையில் ஒரே நாளில் தலைநகரை அடைய வேண்டும் என்பதே அளவாக இருந்ததாம். இந்தச் செய்தி ஆசிரியருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "நம்ம செங்கல்பட்டு ஜில்லாவை வகுத்தவா ஒரு மாட்டு வண்டிக்காரனையாவது கேட்டிருக்கலாம்" என்றார்.

என் பகுதிக்கு ஆதாரம் ஒரு பழைய பிரெஞ்சு வரலாற்று நூல். அதன் முதல் ஏடு கிழிந்து போயிருந்தது. எந்த ஆண்டு நூல் என்று தெரியவில்லை என்பதை என் கையெழுத்துப் படியின் ஓரத்தில் பென்சிலால் குறித்தே கொடுத்தேன். அச்சுக் கோப்பவர்கள் பென்சில் குறிப்புகளைக் கோப்பதில்லை.

மெய்ப்பு வந்த பிற்பகலில் ஆசிரியர் எங்கள் இருவரையும் அழைத்தார். மறுநாள் மாலை தியாகராய நகரில் புரவலர்கள் கூட்டம். மாதிரிப் பக்கங்களை அவர்கள் பார்த்து நிறைவு கொண்டால்தான் களஞ்சியம் தொடரும். மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பக்கத்தில் லாந்த் இருந்தது. மேலே என் பாதி, ஒரு மெல்லிய கோடு, கீழே பூகோளம் சாரின் பாதி.

ஆசிரியர் மேல் பாதியை உரக்கப் படித்தார். இந்த ஜில்லா மரமற்ற வெட்டவெளி. மழைக்காலத்தில் எங்கும் நீர் தேங்கும். ஆட்டிடையர்கள் உயரமான பொய்க்கால்களில் நின்று மந்தை மேய்ப்பர். நீண்ட கோல் ஒன்றை முதுகுக்கு முட்டுக்கொடுத்து, நின்றபடியே கம்பளி நூலில் காலுறை பின்னுவர். பிறகு கீழ்ப் பாதியைப் படித்தார். ஜில்லாவின் பெரும்பகுதி பைன் மரக் காடு. மரம் வெட்டுவதும் பிசின் எடுப்பதும் முக்கியத் தொழில்கள்.

"மேலே மரமே இல்லேங்கறது. கீழே மரத்தைத் தவிர வேற ஒண்ணுமே இல்லேங்கறது. நடுவிலே ஒரு கோடுதான் போட்டிருக்கு. அந்தக் கோட்டுக்குள்ளே இவ்வளவு பெரிய காடு எப்படி முளைச்சுது?"

"எங்காடு அட்லஸ்ல பச்சையா கெடக்கு சார்" என்றார் பூகோளம் சார். "பொய்க்கால்ல ஆடு மேய்க்கவனத்தான் அட்லஸ்ல காணல. அந்த ஊர்ல இடையன் ஆவணும்னா சர்க்கஸ் படிச்சிட்டு வரணும் போல."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ இலக்கியம் படிக்கறவ. ஏதாவது கதைப் புஸ்தகத்தைப் பார்த்து எழுதிட்டியோ?"

"இல்லை சார். சரித்திரப் புஸ்தகம்தான்."

"எந்த வருஷத்துப் புஸ்தகம்?"

"தெரியலை சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாளைக்குக் காலம்பற அச்சுப் பாரம் மெஷின்ல ஏறணும். அதுக்குள்ளே தீர்ந்தா சரி. தீரலேன்னா மேல் பாதியை எடுத்துடறேன். சரித்திரத்துக்கும் கொஞ்சம் வயசானவரா யாரையாவது பார்த்துக்கறேன். கோவிச்சுக்காதே அம்மா. நீ நன்னாத்தான் எழுதறே. அதுதான் எனக்கு பயமாயிருக்கு."

பொங்கலை ஒட்டிய விடுமுறை. நகரின் பெரிய நூலகம் பூட்டியிருந்தது. கல்லூரியும் அப்படியே. லாந்த்தைக் கண்ணால் பார்த்த மனிதர் ஒருவர் நடந்து போகும் தூரத்தில் இருந்தார் என்பது மட்டுமே எனக்கிருந்த வழி. சாந்தோமில் ரொட்டிக் கடை வைத்திருந்த அந்துவான், புதுச்சேரிக்காரர். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். எங்கள் அலுவலகத்துக்கு அவர் கடை பன்தான். பன் வாங்கியவர்கள் எல்லோருக்கும் பிரான்சும் கொஞ்சம் கிடைக்கும்.

நான் படியிறங்கும்போது பூகோளம் சாரும் குடையை எடுத்துக்கொண்டு வந்தார். "நானும் வாரேன். நீங்க தோக்கத நேர்ல பாக்கணும்லா" என்றார். ஆனால் வழியில் வண்டிகளுக்கு விலகும்போதெல்லாம் என்னை ஓரமாக விட்டுத் தாம் வெளிப்புறம் நடந்தார்.

கடையில் அடுப்பின் வெக்கையும் வெந்த மாவின் மணமும். ஊரின் பெயரைச் சொன்னதுமே அந்துவான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"லாந்த்தா? இன்னா பாப்பா இப்பிடிக் கேட்டுட்ட? ஒரு குளிர்காலம் முச்சூடும் அங்கதான் கெடந்தேன். பதுங்குகுழிக்கு முட்டுக் குடுக்க மரம் வெட்டி அனுப்பிக்கினு இருந்தோம்."

அவர் மனைவி உள்ளிருந்தே, "ஆரம்பிச்சிட்டாரு. அடுப்புல பன்னு கருவினாலும் கருவலாம், இவரு பிரான்சு மட்டும் கருவக் கூடாது" என்றார்.

நான் நேராகக் கேட்டேன். "அங்கே இடையர்கள் பொய்க்காலில் நின்று ஆடு மேய்க்கிறதைப் பார்த்தீங்களா?"

அந்துவான் பூகோளம் சாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "யாரு பாப்பா ஒன்ன இப்பிடி ஏமாத்தினது? ஆட்டையே பாக்கல நானு. மரந்தான். எங்கப் பாத்தாலும் மரந்தான். மரத்தக் கீறி வுட்டு, கீய சின்னதா மண்கலயம் மாட்டியிருப்பான், நம்மூரு பனையில மாட்ற மாதிரியே. கள்ளுன்னு நெனச்சி ஒரு தபா நக்கிப் பாத்தேன். பிசினு."

"அப்பவே வாய் ஒட்டியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றார் மனைவி.

பூகோளம் சார் திருப்தியோடு ஒரு பன்னைக் கையில் எடுத்துக்கொண்டார். "கலயம் வரைக்கும் சொல்லிட்டாரு. எங்காடு ஜெயிச்சிட்டு, சரித்திரம்மா."

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். தோற்றுவிட்டோம் என்று எனக்கும் தோன்றியது. காலையில் என் பாதியைப் பிரித்து, அச்சு எழுத்துகளை மீண்டும் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுவரை மனம் போய்விட்டது. ஆனால் திரும்பிப் போகும்முன் என் கேள்வியை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியதை அவர் பார்த்தாரா என்று கேட்டிருந்தேன். அதற்கு அவர் ஆம், இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும். அவர் பார்த்தது என்ன என்று நான் கேட்கவேயில்லை.

"காட்டுக்குள்ளே நடந்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

அந்துவான் சற்று நிமிர்ந்தார். முதுகு தானாகவே சிப்பாய் முதுகாயிற்று. "பரேடு மாதிரி இருக்கும் பாப்பா. எல்லா மரமும் ஒரே ஒசரம், ஒரே பருமன். நீ ஒரு மரத்துக்குப் பின்னாடி நின்னியானா, அந்த வரிசைல மத்த மரம் ஒண்ணுகூடத் தெரியாது. அப்பிடி நிக்கும். நடுநடுவுல வாய்க்காலு, கயிறு புடிச்சி வெட்டின மாதிரி. எங்க சார்ஜெண்டு சொல்லுவாரு, நீங்க நிக்கிறதவிட இந்த மரம் நல்லா நிக்கிதுடான்னு."

நான் பூகோளம் சாரிடம் திரும்பினேன். "சார், காடு வரிசையில் நிற்குமா?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். பன்னைக் காகிதத்தில் மடித்து வைத்தார்.

"தன்னால முளைச்சது நிக்காது."

"ஒரே உயரமாக?"

"அதுவும் இருக்காது. எல்லா வயசும் கலந்து கெடக்கும்." சிறிது யோசித்தார். "ஆள் வச்ச காடு. வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடிச்சிட்டு வச்சிருக்கான்."

"வைக்கிறதுக்கு முன்னாடி?"

அவர் குடையைத் தரையில் தட்டினார். பிறகு சொன்னார்: "வெட்டவெளி. தண்ணி நிக்குத வெட்டவெளி."

ஆனால் அவர் எளிதில் விடுபவர் அல்லர். "எல்லாஞ் சரி. தண்ணி நிக்குத தரையில கம்ப ஊணுனா உள்ள போயிருமே. இடையன் எப்படி நிப்பான்?" என்று தாமே கேட்டார். கேட்ட வேகத்தில் தாமே நெற்றியில் அடித்துக்கொண்டார். "மணலுக்கு அடியில பழுப்பா இறுகிப் போன ஒரு படிவம் உண்டு அங்க. கல்லு மாதிரி. இடம் பத்தலன்னு நாந்தான் அத எழுதாம விட்டேன்."

அதை எனக்கு விளங்கவைக்க ரொட்டித் தட்டு ஒன்றை இழுத்து மாவுப் பக்கம் கை நீட்டினார். அந்துவானின் மனைவி பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "வாத்தியாரே, ரேஷன் மாவு. வெளிய கடக்கரை பூரா மணலு கீது, அத்த அள்ளிக்கினு வா."

பூகோளம் சார் உண்மையிலேயே போய் மணலை அள்ளி வந்தார். தட்டில் பரப்பித் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் எங்கும் போகாமல் நின்றது. இரண்டு ரொட்டிக் குச்சிகளை அதில் ஊன்றினார். குச்சிகள் மணலைத் தாண்டித் தட்டைத் தொட்டதும் அசையாமல் நின்றன.

"தண்ணி தேங்குததுக்கும் இந்தத் தட்டுதான் காரணம். கால் அமுங்காததுக்கும் இந்தத் தட்டுதான் காரணம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க இடையன் என் மண்ணு மேலதான் நிக்கான், சரித்திரம்மா" என்றார்.

அந்துவான் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "நின்னிருந்தா நான் பாத்திருப்பேன்" என்றார். நீங்கள் போவதற்கு முன்பே மரம் வந்துவிட்டது என்று விளக்கினோம். "அப்ப நான் போனது தப்பான நேரம்னு சொல்றியா?" என்று கேட்டார்.

திரும்பி நடக்கும்போது பூகோளம் சாரின் உற்சாகம் என்னுடையதைவிட அதிகமாயிருந்தது. "மூணாம் நெப்போலியன் நட்டான்னு போட்டுருவோம். அந்தக் காலத்துல பெருசா எது நடந்தாலும் ராஜா கைதான் இருக்கும்."

"தெரியுமா சார்?"

"தெரியாது. ஆனா பொருத்தமா இருக்குல்லா."

பொருத்தமாகத்தான் இருந்தது. அரசர் பெயர் ஒன்று இருந்தால் அந்த வாக்கியம் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். ஆசிரியரும் கேள்வி கேட்கமாட்டார். என் இடமும் நிலைத்துவிடும். அன்றிரவு வீட்டில் அந்தப் பெயரோடு ஒரு படியும், பெயரில்லாமல் ஒரு படியும் எழுதிப் பார்த்தேன். பெயரோடு இருந்தது அழகாக இருந்தது. அதைக் கிழித்துவிட்டேன்.

காலையில் ஆசிரியர் முன் வைத்தது இது: இன்று பைன் காடாக இருக்கும் இந்நிலம் முன்பு மரமற்ற வெளியாக இருந்தது. மணலுக்கடியில் உள்ள இறுகிய படிவத்தால் நீர் வடியாமல் தேங்கியது. இடையர்கள் பொய்க்கால்களைப் பயன்படுத்தியது இதனாலேயே. மரங்கள் வரிசையாக நிற்பதும், நேரான வடிகால்கள் ஓடுவதும் காடு மனிதரால் உண்டாக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. உண்டாக்கியவர் யார், காலம் எது என்பன எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

ஆசிரியர் கடைசி வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார். "களஞ்சியத்திலே 'தெரியவில்லை'ன்னு போடறதா? வாங்கறவன் என்ன சொல்வான்?"

"தெரியும்னு போட்டு, அது தப்பா இருந்தா என்ன சொல்வான் சார்?"

அவரிடம் நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது. பூகோளம் சார் சிரிப்பை மறைக்க அலமாரியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"சரி, இருக்கட்டும்" என்றார் ஆசிரியர். "ஆனா சாயங்காலம் யாராவது கேட்டா எழுந்து நின்னு பதில் சொல்ல வேண்டியது நீதான்."

கேட்டார்கள். புரவலர்களுள் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தார். அவரும் தெற்குச் சீமைக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. "இத எழுதுனது யாரு?" என்றார். கடைசி வரிசையில் இருந்த நான் எழுந்தேன். சபை திரும்பிப் பார்த்தது.

"யாரு நட்டான்னு தெரியலன்னு போட்டிருக்கியளே?"

"ஆமாம். தெரியாது. நூலகம் திறந்ததும் பார்த்து எழுதுவோம்."

அவர் பக்கத்தை மூடவில்லை. அருகிலிருந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "தெரியாதத தெரியாதுன்னு சொல்லுத புஸ்தகம்னா, தெரியும்னு சொல்லுதத நம்பலாம்." பிறகு என்னிடம், "ஒரு சந்தேகம்மா. பொய்க்கால்ல நிக்கவனுக்குக் காலுறை எதுக்கு?" என்றார். அவையில் எழுந்த சிரிப்பில் ஆசிரியரின் சிரிப்பும் கேட்டது. அதற்குமுன் நான் அதைக் கேட்டதில்லை.

களஞ்சியம் தொடர்ந்தது. என்னைப் பற்றி ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பிற்பகல் நான் மாடியேறியபோது தேக்கு அலமாரி சுவரோரம் போயிருந்தது. அது நின்ற இடத்தில் தரை மட்டும் கறுத்துத் தெரிந்தது. அதற்கு அப்பால் பூகோளம் சார் முழு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். என் மேசைமேல் அடுத்த ஜில்லாவின் பெயர் எழுதிய தாள், ஆசிரியர் கையெழுத்தில். அப்பாவிடம் அந்தத் தாளையே காட்டினேன்.

நூலகம் திறந்த பிறகு விடை கிடைத்தது. நீரை வடித்து மரம் வைக்க வேண்டும் என்று ஊர்களுக்குக் கட்டளையிட்ட சட்டம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்திருந்தது. முதலில் நான் அதை வரலாற்றில் எழுதவில்லை. என் நூல் அதற்கு முந்தையது. அவர் அதைப் பூகோளத்தில் எழுதவில்லை. பழங்காலத்தைத் தொடக் கூடாது என்பது முறை. ஒரு ஜில்லாவின் பெரும்பகுதியை மூடிய காடு, இரண்டு மேசைகளுக்கும் இடையே அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. சட்டம் வந்தது யார் ஆட்சியில் என்று கேட்பீர்கள். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில்தான். "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று பூகோளம் சார் பணி ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது உண்மை; அறிந்து சொல்லவில்லை என்பதும் உண்மை. இரண்டாவதை நான் ஒவ்வொரு முறையும் நினைவூட்டினேன்.

இன்று நான் மேலே வந்தபோது உங்கள் அறையைப் பார்த்தேன். மேசைக்கு மேசை தடுப்பு வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுக்கச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. உட்கார்ந்தபடி பார்த்தால் அடுத்தவர் எழுதுவது தெரியாது. எழுந்து நின்றால் தெரியும். அதற்குப் பொய்க்கால்கூட வேண்டியதில்லை.